முதிரப்புழைப் பள்ளத்தாக்கின் பழைய டோபோ ஷீட்டுகள்: தேடி எடுப்பதிலிருந்து ஓடையில் நின்று சரிபார்ப்பது வரை

மூணாறு வழியாக ஓடிப் பெரியாற்றில் கலக்கும் முதிரப்புழை ஆற்றின் பள்ளத்தாக்கில் குண்டலை அணை 1946-இல் வந்தது, மாட்டுப்பட்டி அணை 1953-இல். அதற்கு முன் அந்தத் தண்ணீருக்கு அடியில் ஆறு எப்படி வளைந்து ஓடியது, கரையில் பாதை எங்கே போனது, எந்த ஓடை எந்த இடத்தில் வந்து சேர்ந்தது என்பதை இன்று யாரும் நேரில் பார்க்க முடியாது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அரசின் வரைபடத் துறையான சர்வே ஆஃப் இந்தியா அச்சிட்ட பழைய டோபோ ஷீட்டில், அதாவது மலை, ஆறு, பாதை எல்லாம் காட்டும் நிலவரைபடத் தாளில், பார்க்கலாம். மூணாறு, தேவிகுளம், மறையூர், குமுளி பக்கம் இருப்பவர்கள் தங்கள் மலையைப் பற்றி எழுதவோ ஆராயவோ இறங்கினால் இந்த ஷீட்டுகளில்தான் தொடங்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஷீட்டில் உள்ள ஆறு, பாதை, காடு, எல்லைக்கோடு எல்லாம் ஒரே வருஷத்தவை என்று நினைத்துவிடக் கூடாது. மலையின் வடிவம் ஒரு தலைமுறைக்கு முன் அளந்ததாக இருக்கும், சாலை மட்டும் பின்னால் சேர்த்ததாக இருக்கும். எந்தக் கோடு எந்த வருஷத்தது என்று பிரிக்கத் தெரியாமல் போட்ட ஒப்பீடு எதுவும் நிற்காது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

எந்த ஷீட் வேண்டும்

சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய எண் முறையில் நாடு 4 டிகிரிக்கு 4 டிகிரி கட்டங்களாகப் பிரிகிறது. நம் பகுதி 58-ஆம் கட்டம்: வடக்கு 8 முதல் 12 டிகிரி, கிழக்கு 76 முதல் 80 டிகிரி. அதற்குள் ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரியாக 16 கட்டங்கள், ஏ (A) முதல் பி (P) வரை ஆங்கில எழுத்து வரிசையில். எழுத்து இடமிருந்து வலமாக ஓடாது, மேலிருந்து கீழாக இறங்கும். முதல் நெடுவரிசையில் ஏ, பி, சி, டி. அடுத்ததில் இ, எஃப், ஜி, ஹெச். ஒவ்வொரு எழுத்துக் கட்டமும் மறுபடி 15 நிமிடத்துக்கு 15 நிமிடமாக (ஒரு டிகிரி 60 நிமிடம்) 1 முதல் 16 வரை, அதே போல மேலிருந்து கீழாக. புதிதாகத் தேடுகிறவர்கள் இடமிருந்து வலமாக எண்ணி, வேறெங்கோ உள்ள ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு முழிப்பது இங்கேதான்.

இந்தக் கணக்கில் மூணாறு, தேவிகுளம், ஆனைமுடி, மாட்டுப்பட்டி, குண்டலை, டாப் ஸ்டேஷன் எல்லாம் 58 எஃப்/4. அதன் பரப்பு வடக்கு 10 டிகிரி 0 நிமிடம் முதல் 10 டிகிரி 15 நிமிடம், கிழக்கு 77 டிகிரி 0 நிமிடம் முதல் 77 டிகிரி 15 நிமிடம் வரை. பாம்பாற்றுப் பக்கம், அதாவது மறையூர் அஞ்சுநாட்டுக்கு 58 எஃப்/3. குமுளிக்கும் முல்லைப் பெரியாறு அணைக்கும் 58 ஜி/2. அணையின் நீர்ப்பரப்பு தெற்கே 58 ஜி/3-க்குள்ளும் நீள்கிறது.

முதிரப்புழையை முழுக்க வேண்டுமென்றால் ஒரு ஷீட் போதாது. ஆறு குஞ்சித்தண்ணி, வெள்ளத்தூவல் பக்கம் 10 டிகிரிக் கோட்டைத் தாண்டி 58 ஜி/1-க்குள் இறங்குகிறது. கல்லார்குட்டி கிட்டத்தட்ட 77 டிகிரிக் கோட்டின் மேலேயே இருக்கிறது. அதற்கும் மேற்கே, பனங்குட்டி அருகில் பெரியாற்றோடு கலக்கும் இடம் 58 சி/13. ஆற்றின் கீழ்ப்பகுதி நான்கு ஷீட்டுகள் சந்திக்கும் மூலைக்குப் பக்கத்தில் விழுவதால் 58 பி (B)/16-ஐயும் சேர்த்து நான்கையும் ஒரே நேரத்தில் தேடுங்கள். முடிந்தவரை ஒரே பதிப்புக் காலத்தைச் சேர்ந்த நான்கு கிடைத்தால் நல்லது. கிடைக்காதபோது என்ன செய்வதென்று கீழே வருகிறது.

எங்கே தேடுவது

சர்வே ஆஃப் இந்தியாவின் ஆன்லைன் மேப்ஸ் போர்ட்டலில் இன்றைய 1:50,000 ஓபன் சீரிஸ் ஷீட்டைப் பதிவுசெய்து இறக்கிக்கொள்ளுங்கள். அது ஒப்பிட வேண்டிய அடிப்படை. அதில் எண் முறை மாறியிருக்கும், ஆனால் பரப்பு அதே 15 நிமிடம்தான். இடைக்காலத்துக்கு, அமெரிக்க ராணுவ மேப் சர்வீஸ் 1:250,000 அளவில் வெளியிட்ட யு502 வரிசை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பெரி காஸ்டனெடா நூலகத்தில் இணையத்திலேயே கிடைக்கிறது. ஓடைகளை அளக்க அது உதவாது: தாளில் அரை மில்லிமீட்டர் தடித்த கோடு தரையில் 125 மீட்டர். ஊர்ப்பெயரும் முக்கியச் சாலையும் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அங்குல ஷீட்டுகளுக்கு திருவனந்தபுரத்தில் கேரள மாநில ஆவணக் காப்பகம், சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம், லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரி. காப்பகத்தில் 'இடுக்கி' என்று கேட்டால் பழையது எதுவும் வராது. இடுக்கி மாவட்டம் பிறந்தது 1972 ஜனவரி 26-இல். அதற்கு முன் தேவிகுளம் தாலுகா கோட்டயம் மாவட்டத்தில் இருந்தது. 1949-க்கு முன் எல்லாம் திருவிதாங்கூர் என்ற தலைப்பின் கீழ். மலையின் கிழக்குச் சரிவு மதுரை மாவட்டக் கோப்புகளில் இருக்கும். ஷீட் எண்ணைச் சொல்லிக் கேட்பதே மேல்.

இன்னும் பின்னால் போகிறவர்களுக்கு, ஆங்கிலேய அளவையாளர்கள் வார்டும் கானரும் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்து எழுதிய வரைபடமும் குறிப்பேடும் உண்டு. மலைப்பாதை, ஊர், பழைய நாட்டுப் பிரிவு அறிய அருமையான ஆதாரம். ஓடையின் வளைவை அதில் அளக்க முயல வேண்டாம்.

உரிமை பற்றி ஒரு வரி: இந்தியாவில் அரசு வெளியீட்டுக்குப் பதிப்புரிமை வெளியான வருஷத்திலிருந்து 60 ஆண்டு.

ஷீட்டின் வயதைக் கண்டுபிடிப்பது

அவசரப்படாமல் நேரம் செலவிட வேண்டிய இடம் இது. படத்தைப் பார்க்கும் முன் விளிம்பைப் படியுங்கள். மூன்று வருஷங்கள் தனித்தனியாக இருக்கும்: அளந்த வருஷம், வெளியிட்ட வருஷம், மறுஅச்சு வருஷம். பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வெளியீட்டு வருஷம். உங்களுக்கு வேண்டியது அளந்த வருஷம். கீழ் விளிம்பில் ஒரு சிறு கட்டப்படம் இருந்தால் அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஷீட்டின் எந்தப் பகுதி எப்போது அளக்கப்பட்டது, எது பழைய அளவையிலிருந்து எடுத்து ஒட்டப்பட்டது என்று அதில் பிரித்துக் காட்டியிருப்பார்கள். காந்த வடக்கு விலகல் குறிப்போடு ஒரு வருஷம் இருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு படத்துக்குள் சாட்சி தேடுங்கள். முதிரப்புழைக்கு நல்ல சாட்சி குண்டலை ரயில். 1902-இல் மாடு இழுக்கும் மோனோரயிலாகத் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகல நேரோகேஜாக மாறி, மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கின. 1924 ஜூலை வெள்ளம், கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளத்தில் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று இன்றும் சொல்வது, அந்தத் தண்டவாளத்தை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போடவில்லை.

ஆகவே ஷீட்டில் ரயில் கோடு ஓடினால் அந்தப் பகுதியின் அளவை 1924-க்கு முந்தையது, விளிம்பில் 1930-கள் என்று அச்சிட்டிருந்தாலும் சரி. ரயிலும் இல்லை, குண்டலை நீர்த்தேக்கமும் இல்லை என்றால் 1908-க்கு முன்னாலா, 1924-க்குப் பின்னாலா என்று சாலையையும் எஸ்டேட் பரப்பையும் வைத்து முடிவு செய்ய வேண்டும். குண்டலை இருந்து மாட்டுப்பட்டி இல்லை என்றால் 1946-க்கும் 1953-க்கும் நடுவே. பள்ளிவாசல் மின்நிலையம் 1940. எல்லைப் பெயர் 'திருவிதாங்கூர்' என்றிருந்தால் மட்டும் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அரசியல் எல்லையையும் பெயரையும் மறுஅச்சில் மாற்றுவது எளிது, மலையை மறுபடி அளப்பது எளிதல்ல.

ஒரு நோட்டில் நான்கு நெடுவரிசை போட்டு, ஷீட் எண், அளந்த வருஷம், அச்சு வருஷம், படத்துச் சாட்சி என்று நான்கு ஷீட்டுகளுக்கும் எழுதிவிடுங்கள். வெவ்வேறு காலத்து ஷீட்டுகளை ஒட்டும்போது கூடுமிடத்தில் சாலை அறுந்து நிற்கும், காட்டின் ஓரம் பொருந்தாது. அது உங்கள் வேலையின் பிழையா, காலத்தின் இடைவெளியா என்று இந்த நோட்டுதான் சொல்லும்.

ஸ்கேன்

400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), 24 பிட் வண்ணம், டிஃப் கோப்பு. 400 டிபிஐயில் ஒரு பிக்சல் ஒரு அங்குல ஷீட்டில் தரையின் 4 மீட்டருக்குச் சமம்; 600-க்குப் போவதால் கோப்பு பெரிதாகுமே தவிர, அச்சிலேயே இல்லாத நுணுக்கம் கூடாது. ஜேபெக் வேண்டாம், சம உயரத்தைக் காட்டும் பழுப்புக் காண்டூர் கோடுகள் பச்சைக்குள் கலங்கிவிடும். காப்பகத்தில் கேமராதான் அனுமதி என்றால், தாளுக்கு நேர் மேலே செங்குத்தாக வைத்து, ஆறு முதல் ஒன்பது துண்டுகளாக, மூன்றில் ஒரு பங்கு மேற்பொருந்தும்படி எடுங்கள்.

துணியில் ஒட்டி மடித்த ஷீட்டுகளில் ஒரு பொறி உண்டு. மடிக்க வசதியாகத் தாளைப் பல துண்டுகளாக வெட்டி, இடையில் இடைவெளி விட்டு ஒட்டியிருப்பார்கள். 2 மில்லிமீட்டர் இடைவெளி மூன்று வந்தால் மொத்தம் 6 மில்லிமீட்டர். தரையில் 380 மீட்டர் பொய். இப்படிப்பட்ட ஷீட்டைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாகப் பொருத்துவதைத் தவிர வழியில்லை.

தாள் சுருங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் அட்சரேகையில் 15 நிமிட உயரம் 27.65 கிலோமீட்டர், ஒரு அங்குல ஷீட்டில் 17.18 அங்குலம் இருக்க வேண்டும். 17.05 அங்குலம்தான் இருக்கிறது என்றால் முக்கால் சதவீதம் சுருங்கிவிட்டது, 10 கிலோமீட்டருக்கு 75 மீட்டர் குறையும். தாள் உயரவாக்கில் ஒரு மாதிரியும் அகலவாக்கில் ஒரு மாதிரியும் சுருங்கும் என்பதால் இரண்டையும் அளந்துவிடுங்கள். அகலம் 17.03 அங்குலம் இருக்க வேண்டும்.

பூமியில் பொருத்துவது

க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும், இலவசம். லேயர் மெனுவில், படத்தைப் பூமியில் பொருத்தும் கருவியான ஜியோரெஃபரன்சரைத் திறந்து ஸ்கேனை ஏற்றுங்கள். ஷீட்டில் 5 நிமிடத்துக்கு ஒரு கோடு ஓடும். 4-க்கு 4 என்று 16 சந்திப்புகள். பதினாறையும் குறியுங்கள். நான்கு மூலைகளோடு நிறுத்திவிட்டால் நடுவில் தாள் நெளிந்திருப்பது தெரியாமலே போகும். கிழக்கு 77 டிகிரி 5 நிமிடம் என்றால் '77 05 00' என்று இடைவெளி விட்டே அடிக்கலாம். தசமமாக மாற்றப் போய் 77.05 என்று அடிப்பவர்கள் அதிகம். சரியான எண் 77.0833. அந்த ஒரு தவறு புள்ளியை மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிவிடும்.

உருமாற்றத்துக்கு முதலில் பாலினோமியல் 1 (தாளை நெளிக்காமல் நகர்த்தி, சாய்த்து, நீட்டிப் பொருத்தும் எளிய முறை) வைத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மீதிப்பிழை எத்தனை பிக்சல் என்று பட்டியல் காட்டும். 5 பிக்சலுக்குள் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் 40, 50 என்று தனித்து நின்றால் அந்த எண்ணைத் தவறாக அடித்திருப்பீர்கள், அதைத் திருத்துங்கள். எல்லாப் புள்ளியும் சீராக 10, 12 என்று வந்தால் தாள் நெளிவு. பாலினோமியல் 2-க்கு மாறுங்கள். தின் பிளேட் ஸ்ப்ளைனை முதலிலேயே தேர்ந்தெடுக்காதீர்கள். தவறான புள்ளி உட்பட எல்லாவற்றின் மீதிப்பிழையையும் பூச்சியமாகக் காட்டி, தவறை மூடி மறைத்துவிடும்.

அடுத்து டேட்டம், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிட அடிப்படையாக வைத்த பூமி வடிவமும் மூலப்புள்ளியும். பழைய ஷீட் எவரெஸ்ட் ஸ்பீராய்டு என்ற பூமி வடிவத்தில், கல்யாண்பூரை மூலமாகக் கொண்டு கணக்கிட்டது. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84. பழைய ஷீட்டின் டிகிரிகளை டபிள்யூஜிஎஸ் 84 என்று அறிவித்துவிட்டால், நம் பகுதியில் முழு ஷீட்டும் சுமார் 200 மீட்டர் தெற்கும் கொஞ்சம் கிழக்குமாக நகர்ந்து உட்காரும். மலைப் பள்ளத்தாக்கில் 200 மீட்டர் என்றால் ஓடை மேட்டின் மேல் ஏறிவிடும். எனவே ஜியோரெஃபரன்சரில் இலக்கு அமைப்பாக இபிஎஸ்ஜி (இத்தகைய அமைப்புகளின் எண் பட்டியல்) 4146, அதாவது கல்யாண்பூர் 1975-ஐக் கொடுங்கள். திட்டத்தின் அமைப்பை இபிஎஸ்ஜி 32643, யுடிஎம் 43 வடக்கு என்று வைத்தால் மென்பொருள் தானே மாற்றிக்கொள்ளும்.

இதிலும் சில பத்து மீட்டர் மிச்சம் இருக்கலாம். அதை நேராக்க, அன்றும் இன்றும் நகராத நான்கைந்து இடங்கள் வேண்டும். முக்கோணக் குறியிட்ட சர்வே கல், பாறை இடுக்கில் இரண்டு ஓடைகள் கூடுமிடம், பழைய தேவாலயம். மூணாறு டவுன் பாலங்களையும் ஆற்றோரச் சாலையையும் எடுக்காதீர்கள். 1924 வெள்ளத்துக்குப் பின் அவை இருந்த இடத்திலேயே திரும்பக் கட்டப்பட்டன என்று வைத்துக்கொள்ள முடியாது.

மிகப் பழைய ஷீட்டில் படம் பல கிலோமீட்டர் கிழக்கே போய் உட்கார்ந்தால் பதற வேண்டாம், விளிம்பை மறுபடி பாருங்கள். தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வகத்தின் பழைய மதிப்பைக் கொண்டவை, இத்தனை நிமிடம் இத்தனை வினாடி கழிக்கவும் என்று ஒரு குறிப்பு இருக்கலாம். இங்கே ஒரு நிமிடத் தீர்க்கரேகை 1.8 கிலோமீட்டர். எண்களை அடிக்கும்போதே கழித்து அடித்துவிடுங்கள்.

ஓடைகளைப் படிப்பது

நீலம் என்றால் தண்ணீர் உள்ள ஓடை, கறுப்பு என்றால் வறண்டு கிடந்து மழைக்கு ஓடுவது. இதை அறியாமல் கறுப்புக் கோடுகளைப் பாதை என்று விட்டுவிடுகிறார்கள். மலையில் ஆபத்தானவை பெரும்பாலும் அந்தக் கறுப்புக் கோடுகளே. ஆறு மாதம் காய்ந்து கிடக்கும் பள்ளத்தில்தான் வீடு கட்டத் தோன்றும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்களின் (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுகளின்) மேல் மலை இறங்கி 70 பேர் மாண்ட பிறகு, தங்கள் லயத்துக்கு மேலே எந்தப் பள்ளம் இறங்குகிறது என்று தெரிந்துகொள்வது எஸ்டேட் மக்களுக்குப் பொழுதுபோக்கான ஆராய்ச்சி இல்லை.

கோடே போடாத பள்ளங்களும் உண்டு. அவற்றைக் காண்டூர் காட்டும். காண்டூர் கோடு வளைந்து கூர்மையாகும் இடத்தில், கூர்முனை மேட்டைப் பார்த்திருந்தால் அது பள்ளம், நீர் அதன் வழியே இறங்கும். சரிவைப் பார்த்திருந்தால் அது முகடு. அடுத்தடுத்து நான்கு காண்டூர்களிலாவது கூர்முனை ஒரே வரிசையில் வந்தால் அங்கே நீர்வழி உண்டு என்று தனி நிறத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

காண்டூர் இடைவெளி எத்தனை என்று விளிம்பில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழையதில் அடிக்கணக்கு, 1:50,000-இல் மீட்டர் கணக்கு, 20 மீட்டர் இடைவெளி. ஆனைமுடியைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாம்: 8,841 அடியை 0.3048-ஆல் பெருக்கினால் 2,695 மீட்டர். 50 அடி இடைவெளி உள்ள ஷீட்டில், இரண்டு காண்டூர்களுக்கு நடுவே ஓடையின் நீளம் 0.2 அங்குலம் என்றால் தரையில் 1,056 அடி, சரிவு 4.7 சதவீதம். ஆற்றின் நீளவெட்டுப் படத்தை இப்படியே ஒவ்வொரு காண்டூருக்கும் கணக்கிட்டு வரையலாம். நீர்த்தேக்கத்துக்கு அடியில் மறைந்த ஆற்றுப்படுகைக்கு இந்த முறையைத் தவிர வேறு எளிய வழி கிடையாது. இன்றைய செயற்கைக்கோள் உயரத் தரவு அங்கே நீர்மட்டத்தைத்தான் காட்டும்.

ஆற்றின் வளைவு மாறியிருக்கிறது என்று சொல்லும் முன் கோட்டின் தடிமனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு அங்குல ஷீட்டில் அரை மில்லிமீட்டர் தரையில் 32 மீட்டர். டேட்டம் மிச்சம், தாள் நெளிவு, வரைந்தவர் கை எல்லாம் சேர்த்து 60, 70 மீட்டருக்குக் குறைந்த நகர்வை ஆற்றின் நகர்வு என்று எழுதாதீர்கள். குறுகிய பள்ளத்தாக்கில் ஆறு அவ்வளவு நகர இடமும் இருக்காது. பள்ளத்தாக்கு விரியும் சமதளத்தில் மட்டும் தேடுங்கள்.

பெயர்கள்

ஆங்கில எழுத்தில் அச்சான எஸ்டேட் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். 'வுர்ரை' என்று முடியும் பெயர்களைப் பார்த்து வெள்ளைக்காரப் பெயர் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. பெரியவரை, சிட்டிவரை, செண்டுவரை, வாகுவரை: 'வரை' என்பது மலைக்கு நம் பழைய சொல், சங்கப் பாட்டில் வருவது. எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தாக்கியிருக்கிறார், அவ்வளவுதான். 'தேவிகோலம்' என்று படிக்கும்படி இருந்தால் அது தேவிகுளம். ஒரே இடத்துக்கு மூன்று பெயர் வரும்: ஷீட்டில் ஒன்று, மலையாள வருவாய்ப் பதிவில் ஒன்று, லயத்தில் தமிழில் பேசும்போது ஒன்று. மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் எழுதுங்கள், எதையும் திருத்தி எழுதாதீர்கள். லயத்துப் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது. ஓய்வு பெற்று எஸ்டேட்டை விட்டுப் போகும் பெரியவர்களோடு அதுவும் போய்விடும். முதலில் அதைக் கேட்டுப் பதியுங்கள், ஷீட் காப்பகத்தில் காத்திருக்கும்.

களத்தில்

பொருத்திய படத்தை எம்பிடைல்ஸ் கோப்பாக்கி, கைபேசியில் ஓடும் க்யூஃபீல்ட் செயலியில் ஏற்றினால் சிக்னல் இல்லாத பள்ளத்திலும் உங்கள் இருப்பிடத்தைப் பழைய ஷீட்டின் மேல் காட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை போனால் கறுப்புக் கோட்டு ஓடைகளின் படுகையில் இறங்கிப் பார்க்கலாம். கல் எவ்வளவு பெரிது, எந்த உயரம் வரை அரித்திருக்கிறது என்று தெரியும். அதே இடத்துக்கு ஜூலையில் இன்னொரு முறை, பாதுகாப்பான மேட்டில் நின்று. மறையூர் பக்கம் மழை மறைவுப் பகுதி என்பதால் அங்கே இரண்டாம் பயணத்தை ஐப்பசி, கார்த்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட்டுக்குள் நுழைய அலுவலகத்தில் கடிதம், இரவிகுளம், சின்னாறு காட்டுக்குள் வனத்துறை அனுமதி, இரண்டும் முன்கூட்டியே.

ஓரிடத்தில் நின்றதும் ஜிபிஎஸ் புள்ளி, மேட்டுப்பக்கம் பார்த்து ஒரு படம், பள்ளப்பக்கம் பார்த்து ஒரு படம், ஷீட்டில் என்ன நிறக் கோடு, இப்போது நீர் இருக்கிறதா, உள்ளூர்ப் பெயர் என்ன. ஷீட்டில் ஓடை இருந்து தரையில் இல்லை என்றால் உடனே 'மறைந்துவிட்டது' என்று எழுதாமல், சாலைக்கு அடியில் குழாய் பாலம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பல இடங்களில் தேயிலைக்கு நடுவே கல் வைத்துக் கட்டிய வாய்க்காலாக அதே ஓடை திசைமாறி ஓடிக்கொண்டிருக்கும். வாய்க்காலின் மேல்முனை வரை ஏறி, ஷீட்டில் உள்ள பழைய பள்ளத்திலிருந்து அது எந்த இடத்தில் பிரிகிறது என்று அங்கே ஒரு புள்ளி எடுத்துக்கொள்ளுங்கள்.